துண்டைக் காட்டினால் நிற்கும்

கீழ்வேளூரிலிருந்து தெற்கே பிரியும் சாலையில் ஓடுகிற மினி பஸ்ஸுக்கு நிறுத்தம் என்று தனியாக எதுவும் கிடையாது. வரப்பில் நின்று துண்டை வீசினால் நிற்கும். சாலையில் நெல் காய்ந்தால் ஒதுங்கிப் போகும். வாத்துக்கூட்டம் குறுக்கே வந்தால் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, "மெதுவா ஓட்டிக்கிட்டுப் போங்க, இப்ப என்ன அவசரம்" என்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் ஜன்னல் வழியாக வாத்துகளை எண்ணிக்கொண்டிருப்பார்களே தவிர யாரும் முகம் சுளிப்பதில்லை.

அம்சவல்லியின் கணவர் கோவிந்தராசு அந்தச் சாலையோரத்தில் பிறந்து வளர்ந்தவர். மனிதனைப் பார்த்தால் வண்டி நிற்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

அதனால்தான் ஐந்து வருடத்துக்கு முன்பு, தாளடி நெல் அறுத்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த அவருடைய வாத்துகள் ரயில் பாதை மேல் ஏறி ஜல்லிக்கற்களில் அலகை நுழைத்துக்கொண்டு நகரமாட்டேன் என்றபோது, அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு தண்டவாளத்துக்கு நடுவே போய் நின்றார். காரைக்கால் பக்கமிருந்து நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வந்துகொண்டிருந்தது. அவர் துண்டை வீசினார். ஹாரன் விடாமல் அலறியது, அதற்கடியில் இரும்பு கிரீச்சிட்டது. இன்னும் வீசினார். வேகம் குறைந்தது. அதை அம்சவல்லி தன் கண்ணாலேயே பார்த்தாள். கீழே வரப்பில் மீதி வாத்துகளை மடக்கிக்கொண்டு நின்ற அவளைத் திரும்பிப் பார்த்து, கோவிந்தராசு, "நிப்பாட்டிட்டான் பாரு" என்றார். சிரித்தார்.

வண்டி நிற்கவில்லை.

நின்றபோது அது ஆற்றுப் பாலத்தையும் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. காற்றில் இரும்பு கருகிய நாற்றம் அடித்தது. போலீஸ் கேட்டபோதும், ரயில்வேயிலிருந்து வந்தவர்கள் கேட்டபோதும், கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள் கேட்டபோதும் அவள் சொன்னது ஒன்றேதான்.

"வேகத்தக் குறைச்சான். குறைச்சிட்டு, வேணும்னே விட்டான்."

அதற்குப் பிறகு அவள் ரயில் ஏறவில்லை. நாகப்பட்டினம் போவதென்றாலும் பஸ். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை, வீடு, மகள் பூவிழியின் படிப்பு, கையில் கிடைத்த எதையும் விடாமல் படித்துவிடுகிற பழைய வழக்கம் என்று நாட்கள் போயின. தூரத்தில் ஹாரன் கேட்கும்போது மட்டும் செய்துகொண்டிருக்கிற வேலையை விட்டுவிட்டு, அது ஓயும்வரை வாய்க்குள் யாரையோ திட்டுவாள். முகம் தெரியாத ஒருவனை.

அப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு சித்திரை மாதப் பகலில், அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, பூவிழி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, ஆர்டர் வந்துருச்சு. ரயில்வேல."

"வந்துருச்சா!" அம்சவல்லி முறத்தைக் கீழே வைத்தாள். மகள் ரயில்வே பரீட்சை எழுதியது அவளுக்குத் தெரியும். "எந்த ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்கச் சொல்றாங்க? திருவாரூர்லன்னா போயிட்டுப் போயிட்டு வந்துடலாம்."

"டிக்கெட் குடுக்குற வேலை இல்லம்மா."

"பின்ன?"

"அசிஸ்டென்ட் லோகோ பைலட்."

"அப்படின்னா?"

பூவிழி தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "ரயில் ஓட்டுறதும்மா. முதல்ல டிரைவர் பக்கத்துல ஒக்காரணும். அப்புறம் நாமளே ஓட்டணும்."

அம்சவல்லிக்கு முதலில் காதில்தான் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. மகளுடைய வாய் அசைந்துகொண்டே இருந்தது. டிப்ளமா, மெக்கானிக்கல், திருச்சியில் பயிற்சி என்று என்னவோ சொன்னாள்.

"உங்கப்பன அடிச்சவன் ஒக்காந்த சீட்டுலயா நீ போயி ஒக்காரப் போற?"

"அம்மா..."

"சொல்லுடி. அந்தச் சீட்டுலயா?"

அன்று அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. மறுநாளும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் பூவிழி பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைக் கொண்டுவந்து நாற்காலி மேல் வைத்தாள்.

"இது ஒரு வெளையாட்டும்மா. ரயில் ஓட்டப் பழகிக் குடுக்கும். பாடம் பாடமா இருக்கு. நான் தஞ்சாவூர்ல என்கூடப் படிச்ச தமிழ்நிலா வீட்டுக்குப் போயி, பயிற்சிக்கு வேண்டிய ஷூ, துணியெல்லாம் எடுத்துக்கிட்டு வர்றேன். அதுக்குள்ள நீ ஆறு பாடம் ஆடிப் பாரு. ஆடிட்டு, அப்பவும் வேணாம்னு சொன்னீன்னா நான் போகல. சத்தியமா."

"போகலன்னா எதுக்குடி ஷூவு?"

"சும்மா வெச்சுக்கறேன்."

அம்சவல்லி திரையை எட்டிப் பார்த்தாள். வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. "ஏழு இருக்கே?"

"ஏழாவது கூட்ஸ். அது கஷ்டம், உனக்கு வராது. அத விட்டுடு." பூவிழி இதை வேகமாகச் சொல்லிவிட்டுப் பையைத் தேடினாள். பை அவள் தோளிலேயே இருந்தது.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. சமைக்கப் பிள்ளைகள் இல்லை. அன்று முற்பகல் முழுக்க அம்சவல்லி அந்த லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில், மகள் போகாமல் இருப்பதற்கு இது ஒன்றுதான் வழி என்பதால், ஆடித் தொலைத்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தாள். அவளுக்கு ஆங்கிலம் பேச வராது. எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். விளங்காத சொல்லுக்குப் பூவிழியின் பள்ளிக்கூட அகராதி இருந்தது.

திரையில் ஓர் என்ஜினின் உட்புறம் விரிந்தது. கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் இரண்டு தண்டவாளம், கீழே கைப்பிடிகளும் முள் வைத்த வட்டங்களும். ஓட்டுபவனின் இடத்திலிருந்து அவள் தண்டவாளத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. லேப்டாப்பை மூடிவிட்டாள். சோறு வடித்து இறக்கிவிட்டுத்தான் மறுபடி திறந்தாள்.

முதல் பாடத்தில் வண்டி நகரவே இல்லை. வேகம் கூட்டுகிற ஆங்கில 'ஏ' எழுத்தை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். என்ஜின் உறுமியது, அவ்வளவுதான். அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்ததில் விஷயம் விளங்கியது. முன்னால் போகவேண்டுமா, பின்னால் போகவேண்டுமா என்று முதலில் ஒரு பிடியைத் தள்ளிச் சொல்லவேண்டும். அப்புறம் பிரேக்கை விடவேண்டும். விட்ட பிரேக் கடைசிப் பெட்டிவரை இளகும்வரை காத்திருக்கவேண்டும். அதற்கப்புறம்தான் வேகம். எல்லாம் செய்ததும் கண்ணாடிக்கு வெளியே ஒரு கம்பம் மெல்லப் பின்னால் போயிற்று. அம்சவல்லி தன்னையறியாமல் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது பாடத்தில் ஒரு கூத்து நடந்தது. வண்டி நேர்பாதையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் எதையும் தொடாமல் வெளியே தெரிந்த மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு மணி கத்தியது. சிவப்பு விளக்கு அடித்தது. அவள் பதறிப்போய்க் கைகளைத் தூக்கிவிட்டாள். வண்டி தானாக நின்றுவிட்டது. லேப்டாப் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தாள். பிறகு கீழே வந்த எழுத்தைப் படித்தாள். ஓட்டுபவர் கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் இருந்தால் வண்டி மணியடித்துக் கேட்கும். ஒரு பொத்தானை அழுத்திப் பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், அவர் தூங்கிவிட்டார் அல்லது அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வண்டி தானே நின்றுகொள்ளும்.

அவள் அதை இரண்டாம் முறையும் படித்தாள். ஓட்டுகிறவன் உயிரோடு இருக்கிறானா என்று வண்டி கேட்டுக்கொண்டே வருகிறது. இப்படி ஒன்று உண்டென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் பகலில் ஐந்தாவது பாடம் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி கொத்தமல்லி கேட்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் சமையல் உதவியாளரும் அவள்தான்.

"என்னடி அம்சா, பட்டப்பகல்ல படம் பாக்குறியா?"

"படம் இல்லக்கா. ரயில் ஓட்டுறேன்."

"யா அல்லா!" ஜன்னத் பீவி கொத்தமல்லியை மறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க போவுது?"

"தெரியலக்கா. எங்கயோ வெளிநாடு. மலையா வருது."

"நாகூருக்குப் போவாதா?"

"போவாது."

"அப்புறம் என்ன பெரிய ரயிலு." ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. "பாரு பாரு, ஸ்டேஷன் வருது. நிறுத்து."

அம்சவல்லி பிரேக் போட்டாள். மேடை வந்தது, ஓடியது, முடிந்தும் போயிற்று.

"தாண்டிட்டியேடி! எறங்குறவன்லாம் சேத்துலதான் குதிக்கணும்."

"அழுத்திட்டேன்க்கா. நிக்க மாட்டேங்குது."

"இன்னும் நல்லா அழுத்து."

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் தாண்டியது. "நம்ம மினி பஸ்காரன் ஒன்னயவிடத் தேவலாம், அவன் முட்டையில இடிச்சாக்கூட உடையாம நிறுத்துவான்" என்று ஜன்னத் பீவி சொன்னபோது அம்சவல்லி சிரித்துவிட்டாள். கடைசியில் சூட்சுமம் பிடிபட்டது. மேடை கண்ணுக்குத் தெரிகிறபோது பிரேக் போட்டால் போதாது. அதற்கு வெகு முன்னால், வெறும் வயலும் கம்பமுமாக இருக்கும்போதே தொடங்கவேண்டும். அப்படிச் செய்ததும் வண்டி மேடையோரம் அழகாக வந்து நின்றது. ஜன்னத் பீவி கைதட்டினாள்.

அவள் போன பிறகு ஆறாவதையும் முடித்தாள். முடித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவேண்டியதுதான். ஆனால் ஏழாவது கட்டம் அங்கேயே இருந்தது. அவளுக்கு வராது என்று பெற்ற மகளே சொன்ன பாடம். அம்சவல்லி எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம் இல்லாமல் மூடியதில்லை. திறந்தாள்.

கூட்ஸ் வண்டி. பின்னால் திரும்பிப் பார்க்கிற பொத்தானை அழுத்தினால் நிலக்கரிப் பெட்டிகள் வளைவு தாண்டியும் முடியாமல் நீண்டன. வண்டி கனத்து, முனகி, மெல்ல வேகம் பிடித்தது. பாதையின் இரண்டு பக்கமும் பச்சை. வெளிநாட்டு வயல்தான். ஆனாலும் வயல்.

வளைவு திரும்பியதும் தூரத்தில் ஒரு லெவல் கிராசிங். அதன் மேல் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது.

திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. ஹாரன் அடி. பேக்ஸ்பேஸ் அழுத்து, அதுதான் அவசர பிரேக். அவள் அந்த நொடியே இரண்டையும் அழுத்தினாள். ஹாரன் அலறியது. அதற்குக் கீழே இன்னொரு சத்தம் எழுந்தது. இரும்பு இரும்பைப் பிறாண்டுகிற, பல்லைக் கூசவைக்கிற ஒரு நீண்ட கிரீச்சல்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அவன் வண்டியை வேணும்னே விட்ட சத்தம் என்று ஐந்து வருடமாக அவள் நினைத்துக்கொண்டிருந்த சத்தம்.

முள் இறங்கியது. அறுபதிலிருந்து ஐம்பத்தைந்து. ஐம்பது. வண்டி மெதுவாவது கண்ணுக்கே தெரிந்தது. லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. "நில்லு" என்றாள். பேக்ஸ்பேஸிலிருந்து விரலை எடுக்கவில்லை. நாற்பத்தைந்து. "நில்லு, நில்லு" என்றாள். லாரியின் கதவு, கதவில் ஒட்டியிருந்த படம், கண்ணாடி. நாற்பது.

திரை கறுத்தது. மறுபடி முயல்க என்று எழுத்து வந்தது.

முயன்றாள். இம்முறை லாரி ஒரு புள்ளியாகத் தெரிந்த உடனே அழுத்தினாள். மோதியது. அடுத்த முறை வளைவு முடியும் முன்பே அழுத்திவிட்டாள். லாரி இன்னும் கண்ணிலேயே படவில்லை. அப்போதுதான் வண்டி, லாரிக்குக் கொஞ்சம் முன்னால், முனகிக்கொண்டு நின்றது. நன்று என்று திரை பாராட்டியது.

பார்ப்பதற்கு முன்னால் பிரேக் போட்டிருந்தால் மட்டும்தான் நிற்கும். பார்த்த பிறகு, அது யாராக இருந்தாலும், என்ன செய்தாலும் நிற்காது.

அம்சவல்லி எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றாள். அவன் பிரேக் போட்டிருக்கிறான். இரும்பு கருகிய அந்த நாற்றம் பிரேக்கினுடையது. பாலம் தாண்டிப் போய் நின்றது ஓட்டமெடுத்துப் போனதல்ல. அதற்கு முன்னால் அவனால் நிறுத்த முடியவில்லை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அப்புறம்தான், எல்லாவற்றுக்கும் கடைசியாக, அது வந்தது.

"நிப்பாட்டிட்டான் பாரு."

வேகம் குறைந்ததைப் பார்த்துத்தான் கோவிந்தராசு அப்படிச் சொன்னார். குறைந்ததால்தான் நம்பினார். நம்பியதால்தான் நகரவில்லை. கடைசி நொடியில் திரும்பிச் சிரித்துக்கொண்டு நின்றார். அவன் பிரேக்கே போடாமல் அதே வேகத்தில் வந்திருந்தால் அவர் பயந்துபோய்ப் பாதையோர வாய்க்காலில் குதித்திருப்பார். வாத்து போனால் போகட்டும் என்று குதித்திருப்பார். காப்பாற்றப் போட்ட பிரேக்தான் அவரை அங்கே நிறுத்தி வைத்தது.

அம்சவல்லி தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. திட்டுவதற்கு ஒருவன் இருந்தான், இப்போது அவனும் இல்லை. ஹாரன் அடித்தானே ஒழிய நிறுத்தவில்லை என்றுதான் இத்தனை வருடமும் திட்டியிருக்கிறாள். அந்த ஹாரன் கெஞ்சியிருக்கிறது. போயிடு, போயிடு என்று கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் தன்னால் முடிந்த ஒரே விதத்தில் கத்தியிருக்கிறான். இவர் துண்டை வீசிக்கொண்டு, நில்லு நில்லு என்றிருக்கிறார்.

நாற்காலி மேல் மணி கத்தத் தொடங்கியது. வண்டி கேட்டது. அவள் எட்டிப் பொத்தானை அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் கத்திவிட்டு அது ஓய்ந்துபோயிற்று.

விளக்கேற்றுகிற நேரத்துக்குப் பூவிழி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா தரையில் இருப்பதைப் பார்த்தாள். லேப்டாப்பையும் பார்த்தாள். கையிலிருந்த பைகளைக் கீழே வைத்தாள்.

"ஏழாவதுக்குப் போனியா?"

"பிரேக் போட்டிருக்கான்டி."

பூவிழி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவன் பிரேக் போட்டிருக்கான்டி, பூவு."

"தெரியும்மா."

அம்சவல்லி திரும்பினாள். "என்னது?"

"அப்பா செத்த அந்த வருசமே எனக்குத் தெரியும். அப்பதான் இத ஆட ஆரம்பிச்சேன். எப்படி நிக்காமப் போச்சுன்னு பாக்கத்தான் ஆரம்பிச்சேன். நிறுத்திடலாம்னு பாத்தேன்மா. எத்தன தடவ ஆடிருப்பேன்னு எனக்கே தெரியாது."

"அஞ்சு வருசமா தெரியுமா? நான் நாய் மாதிரி கத்திக்கிட்டுக் கெடந்தேனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்படிம்மா சொல்றது? நீ சாப்பிடல, தூங்கல. அவனத் திட்டும்போதுதான் எந்திரிச்சு நின்ன. அந்தக் கோவம் ஒண்ணுதான் ஒனக்கு மிச்சம் இருந்துச்சு. அதையும் நான் எப்படிப் புடுங்குவேன்?"

அம்சவல்லி மகளை ஒரு வேற்று ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கல்லூரிக்குப் போகும்போது தலைக்கு எண்ணெய் வைத்துவிட்ட பிள்ளை. இவ்வளவு பெரிய ஒன்றை வைத்துக்கொண்டு இந்த வீட்டுக்குள்ளேயே நடமாடியிருக்கிறது.

பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு, "சரி, அவன் வேணும்னு பண்ணல. ஒத்துக்கறேன்" என்றாள். "இப்பதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. நீ போயி அதுல ஒக்காந்தா, ஒருத்தன் முன்னாடி நிப்பான். நீ எல்லாம் செஞ்சிருப்ப. செஞ்சிட்டு, பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கணும்."

"ஆமாம்மா."

"கண்ண மூடிக்க முடியாது."

"முடியாது. அது கேட்டுக்கிட்டே இருக்கும்ல, இருக்கியா இருக்கியான்னு. நாம இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும்."

"அப்புறம் ஏண்டி போற? வேற வேலையே இல்லையா?"

பூவிழி நிமிர்ந்து பார்த்தாள். கொடியில் அப்பாவின் துண்டு கிடந்தது. அம்சவல்லி இப்போது அதைத்தான் அடுப்பிலிருந்து பானை இறக்கப் பயன்படுத்துகிறாள்.

"ஹாரன் அடிச்சா ஆளு குதிச்சிருவான்னுதான்மா எந்த டிரைவரும் நெனைப்பாங்க. எல்லா ஊர்லயும் குதிப்பாங்க. நம்ம ஊர்லதான் மாட்டாங்க. வேற ஊர்க்காரனுக்கு அது எப்படித் தெரியும்? அப்பா துண்டு வீசுனப்ப, ஏதோ வெளாட்டுக்கு வீசறாரு, போயிடுவாருன்னு அவன் கொஞ்ச நேரம் நெனச்சிருப்பான். அந்தக் கொஞ்ச நேரம்தான்மா. எனக்குத் தெரியும். துண்டு வீசுறவங்க நகர மாட்டாங்க. தூரத்துல துணி ஒண்ணு ஆடுனாலே நான் பிரேக்கத் தொட்டுடுவேன், ஹாரனுக்கு முன்னாடியே. அதுக்காகவாவது இந்தப் பக்கத்து ஆளு ஒருத்தரு அதுல இருக்கணும்ல?"

அம்சவல்லி எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தட்டில் சோற்றைப் போட்டு மகள் முன்னால் வைத்தாள். பூவிழி இரண்டு வாய் சாப்பிட்டதும், அம்சவல்லி, "ஷூ சரியா இருக்கா, போட்டுப் பாத்தியா?" என்று கேட்டாள்.

திருச்சிக்குக் கிளம்பிய அன்று, மகளைக் கீழ்வேளூர் வரை கொண்டுபோய் விட்டு வருவதற்காக அம்சவல்லியும் புறப்பட்டாள். பூவிழியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் வரப்பு வழியாகச் சாலைக்கு வந்தார்கள். ரயில் பாதை அங்கிருந்தே தெரியும். அம்சவல்லி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"போறது போற" என்றாள். "ஹாரன்லேர்ந்து கைய எடுக்காத. எடுக்கவே எடுக்காத."

"சரிம்மா."

வளைவில் மினி பஸ் தெரிந்தது. நல்ல வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அம்சவல்லி பழக்கத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினாள். பானை இறக்குகிற அந்தத் துண்டு, எடுத்துவரவேண்டும் என்று நினைத்து எடுத்ததில்லை, அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. ஒரே ஒரு வீச்சு. பஸ் வந்து, அவளுடைய காலுக்குக் கையெட்டும் தூரத்தில், சத்தமே இல்லாமல் நின்றது.

அவள் துண்டை இறக்கவில்லை. முன்சக்கரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏறுங்கக்கா" என்றார் டிரைவர். "என்ன அப்படிப் பாக்குறீங்க? நீங்கதான நிறுத்துனீங்க?"

பூவிழி பெட்டியை ஏற்றினாள். அம்சவல்லிக்குப் படியில் கால் வைக்கத் தோன்றவில்லை. இவ்வளவு சுலபமாக நின்றுவிட்டதே என்று அவள் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.